கண்ணாடி இல்லாத பெட்டி

"இதுக்குள்ள கண்ணாடி இல்ல" என்றார் நஸ்மீர்.
என் மூக்கின் மேல் இருந்தது கண்ணாடி.
அவருடைய மேசை கண்ணாடி.
அதன் கீழே வரிசையாய்ப் படுத்திருந்த லென்ஸெல்லாம் கண்ணாடி.
எதைத்தான் இல்லை என்கிறார் இந்த மனிதர்?

பழைய பெரிய கமரா ஒன்றின் வாயைத் திறந்து
உள்ளே சாய்ந்து நிற்கும் சிறு ஆடியைக் காட்டினார்.
ஒவ்வொரு படத்துக்கும் அது துள்ளி எழும்பும், சத்தம் போடும்.
புதியதில் அது கிடையாது. அதுதான் இந்த மெலிவு.
"சோத்துப் பார்சல விடப் பாரம் குறைவு மிஸ்."
கையில் நிறுத்துப் பார்த்தேன். உண்மைதான்.

என்.சி. வீதியில் காலை ஒன்பதரை வெயில்.
இரவு வேலை முடிந்து சீனன்குடாவிலிருந்து நேரே வந்தவள் நான்,
காதோர மயிரில் இன்னும் கோதுமை மா.
ஆலையின் ஆய்வுகூடத்தில்
ஈரப்பதம் எத்தனை வீதம் என்று எழுதுவது என் தொழில்.
ஆகவே முதல் கேள்வி: தூசு போகுமா, ஈரம் போகுமா?
"தூசு போகாதெண்டு எழுதியிருக்கு.
ஈரத்துக்கு இந்த ஊர்ல ஆர் மிஸ் உத்தரவாதம்?"
ஒரு லென்ஸைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தார்.
உள்ளே வெள்ளை நூலாய்ப் பூஞ்சணம்,
சிலந்தி தொடங்கிவிட்டு மறந்துபோன வலை.
யாரோ இரண்டு மாரி மூடி வைத்தார்களாம்
அலுமாரியில், கூறைச் சேலையோடு.

மேசையில் இரண்டு கமரா.
ஒன்றுக்குக் கண் வைத்துப் பார்க்கத் துவாரம் உண்டு.
மற்றது மொட்டை, முதுகில் திரை மட்டும்,
பதினெட்டாயிரம் மலிவு.
மொட்டையை வாசலுக்குக் கொண்டுபோய் நீட்டினேன்.
வெயிலில் திரை கறுத்து
அதில் தெரிந்தது என் முகம்.
கண்ணாடி இல்லையாம்!

துவாரத்தில் கண் வைத்தேன். மூக்குக்கண்ணாடி இடித்தது.
ஓரத்தில் சின்னச் சில்லு ஒன்று.
"திருப்புங்க, திருப்புங்க."
எதிர்க்கடைப் பலகை மூன்று மொழியிலும் தெளிந்தது,
மேல்மாடியில் காயும் பாவாடையின் கிழிசலும்.
கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

கைமாறி வந்ததுதான். உள்ளே ஓர் எண்:
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
அத்தனை தரம் இமைத்திருக்கிறது வேறொருவருக்காக.
எதைப் பார்த்து என்று கேட்க முடியாது.

இனி லென்ஸ்.
ஒன்று நீளம். தூரத்தை இழுத்து மடியில் போடும்.
மற்றது ரொட்டி போலத் தட்டை, இருபத்தேழு மில்லிமீற்றர்.
"கிட்ட வேணுமெண்டா காலால போகணும்.
வெள்ளி மட்டும் ரெண்டையும் கொண்டுபோய்ப் பாருங்க."

புதன் பின்னேரம் மூதூர்ப் படகுத்துறை.
கடற்படைப் பையன் லென்ஸின் நீளத்தைப் பார்த்தான்,
பிறகு என்னை, மறுபடி லென்ஸை.
ஒன்றும் கேட்கவில்லை.
இந்த ஊரில் நீளமான எதையும் கண்ணில் வைக்கமுன்
சுற்றிவரப் பார்த்துக்கொள்வது என் பழக்கம்.

கொட்டியாரக் குடாவில் படகு வந்துகொண்டிருந்தது.
உருட்டினேன். அணியத்தில் ஒரு பெண்,
தண்ணீர்ப் பம்பு ஒன்றை மடியில் அணைத்தபடி,
உதட்டில் ஒட்டிய கச்சான் தோலை நாக்கால் தள்ளினாள்.
அவளுக்கு நான் கரையில் ஒரு புள்ளி.
எனக்கோ அவள் மூக்குத்தியில்
ஒரு கல் விழுந்திருப்பது தெரிகிறது.
சட்டென்று நேரே பார்த்தாள்.
என்னைக் கண்டிருக்க முடியாது. என்றாலும்
கடன்காரி போலக் குனிந்து செருப்பு வாரைத் திருத்தினேன்.

வெள்ளி, ஜும்ஆவுக்குக் கடை பூட்டமுன்
நீளத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
நியாயம், தூரம், பார்வை என்று ஏதோ சொன்னேன்.
நஸ்மீர் தலையாட்டினார்.
விலை கேட்டு நான் எச்சில் விழுங்கியது
அவருக்கு முதல் நாளே தெரியும்.

தட்டையும் துவாரமும் மூன்று மாதத் தவணையில்.
சிலிக்கா மணி இரண்டு பொட்டலம் இனாம்.

ஆலைக் கன்ரீனில் கஜேந்தினி முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.
இரண்டடி தள்ளி நின்று, "எடுக்கட்டா?"
"பொறடி, திண்டு முடிக்கிறன்."

பொறுத்தேன்.
அதற்குள் வெளிச்சம் அவள் தோளை விட்டிறங்கி
உப்புப் போத்தலுக்குப் போய்விட்டது.
உப்புப் போத்தலை எடுத்தேன்.